குடிலுக்குள் ஒரு கொரியா

பாலக்கரை,
7 ஜனவரி 1954

சேசு மரி சூசை துணை.

கொரியாவில் இருக்கும் என் பிரியமானவருக்கு,

இந்த வருஷம் கிறிஸ்மஸ் குடிலை நீங்கள் கடிதத்தில் எழுதிய அந்த எல்லை ஊராகவே செய்துவிட்டேன். மலைச் சரிவில் தினை, இடுக்கில் நெல்வயல், வைக்கோல் பந்தலின் கீழ் அந்த ஊர்க்காரர்கள் விற்றுப் பிழைக்கும் மருந்து வேர். எல்லாமே கேழ்வரகு முளைதான். வயல்களின் நடுவே முள்கம்பியும் இழுத்தேன்.

"பெத்லகேம்ல ஏதுடி முள்கம்பி?" என்றார் அத்தை.

குடில் பார்க்க வீட்டுக்கு வந்த பங்குச் சாமியார் வெகுநேரம் பார்த்தார். "எந்த ஊரும்மா இது?"

"கொரியாங்க சாமி. சண்டை ஓய்ஞ்ச எடத்துல என் வீட்டுக்காரருதான் காவல்." தெருவுக்கே கேட்கும்படிதான் சொன்னேன்.

தபால்காரரும் தினமும் வருகிறார். குடிலை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்.

மூன்று ராஜாக்களில் ஒருவருக்குக் காக்கி அடித்திருக்கிறேன். மற்ற இருவரையும் வழக்கம்போல் தினம் கொஞ்சம் நகர்த்தி, நேற்று ராஜாக்கள் திருநாளில் குழந்தை சேசுவிடம் சேர்த்தாயிற்று. காக்கிக்காரர் கம்பி ஓரமே நிற்கிறார்.

"திருநாள் முடிஞ்சுதே, குடிலைக் கலைக்கலையா?" என்று ராத்திரி அத்தை கேட்டார்.

"இன்னும் ஒரு ராஜா வரணும் அத்தை."

இன்று காலை எழுந்து பார்க்கிறேன், முளைகளுக்கு அத்தையே தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறார்.

குடிலைக் கலைக்காமல் வைத்திருக்கும்,
உங்கள் மனைவி