தாராவியில் கரையேற்றம்

ஜூலை 19, ராத்திரி

காலெல்லாம் கடுக்குது, ஆனா தூக்கம் வரமாட்டேங்குது. மனசு இன்னும் தண்ணிக்குள்ளதான் துள்ளிக்கிட்டு இருக்குது.

சாயங்காலம் தொண்ணூறடி ரோட்டுல இடுப்பளவு மழைத்தண்ணி. பஸ்ஸ விட்டு இறங்குனவங்க யாரும் ரோட்டத் தாண்டத் துணியல. எந்தச் சாக்கடை மூடி திறந்து கிடக்கோ, யாருக்குத் தெரியும். ரோட்டோரம் பந்தல் போட்டுக்கிட்டிருந்தவர்ட்ட ஒரு மூங்கிலும் கயிறும் கேட்டு வாங்குனேன். எல்லாரும் ஒரு கையால கயித்தப் பிடிங்க, மறு கையால பையத் தலைக்கு மேல தூக்குங்கன்னேன். மூங்கிலால தரையக் குத்திக் குத்திப் பாத்துக்கிட்டு நான் முன்னால நடந்தேன். "ஏக் லைன் மே சலோ", ஒரே வரிசையா வாங்கன்னு பழைய பட்டாளத்துக் குரல் தானா வந்துட்டு. ஆபீஸ்காரங்ககூட மறுபேச்சு பேசாம வந்தாங்க.

இருபது வயசுல, எழுபத்தொண்ணு யுத்தத்துல, துப்பாக்கியத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு கப்பல்லருந்து கடல்ல இறங்குனோம். கரை பக்கம்தான்னு சொன்னாங்க. ஆழத்த யாரும் பாக்கல. எனக்கு முன்னால குதிச்ச மாரியப்பன் மேல வரவே இல்ல.

வீட்டுல மருமக துண்டக் குடுத்து, "இந்த வயசுல இதெல்லாம் தேவையா மாமா?"ன்னா. சிரிச்சுட்டேன்.

சாயங்காலம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மேடேறுனதும் ஆள எண்ணிப் பாத்தேன். ஒருத்தரும் குறையல. நம்பாம இன்னொரு தடவ எண்ணுனேன்.