காற்று தொடங்குவதற்குள்

மார்ச் 3, 2025
162/104. கோபுரம் ஏறத் தகுதியில்லை என்று மருத்துவச் சோதனையில் எழுதிவிட்டார்கள். வயது இருபத்தொன்பது. நாலு வருஷமாக எண்பது மீட்டர் காற்றாலையில் ஏறி இறங்குகிறவன் நான். ஏப்ரல் 22 மறுசோதனை. அதிலும் தேறாவிட்டால், மே மாதம் காற்று தொடங்கும்போது என் இடத்தில் வேறு ஆள்.

பாளையங்கோட்டை டாக்டர் மாத்திரை கொடுத்தார். தினமும் வீட்டிலேயே பிரஷர் பார்த்து எழுதி வர வேண்டுமாம். காற்றாலையில் ஆயில் பிரஷர் பார்க்கிறவனுக்கு இதென்ன பெரிய வேலை?

மார்ச் 4
மிஷின் வாங்கியாச்சு. தொடர்ந்து பதினோரு தடவை பார்த்தேன். பதினொன்றும் பதினொரு விதம். மிஷின் கோளாறு.

மார்ச் 5, திருநீற்றுப் புதன்
திருப்பிக் கொடுக்கப் போனேன். மருந்துக்கடை இன்பமணி அக்கா மிஷினைத் தொடக்கூட இல்லை.
"நின்னுக்கிட்டா பாத்திய?"
ஆமாம்.
"சட்டைக்கு மேலயா?"
ஆமாம்.
"காப்பி குடிச்சிட்டு?"
அதுவும் ஆமாம்.
"மிஷின் நல்லாத்தான் இருக்கு தம்பி. நீங்கதான் சும்மா இருக்க மாட்டேங்கிய."
முதுகு சாய்ந்து, பாதம் தரையில், சட்டை மூடாத கை நெஞ்சு உயரத்தில், ஐந்து நிமிடம் பேசாமல் இருந்த பிறகு பார்க்க வேண்டுமாம். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு தடவை. ஐந்து நிமிடம் சும்மா உட்காருவதற்கு ஏணியே ஏறலாம்.

மார்ச் 12
146/94. இறங்குகிறது.

மார்ச் 23
156/98. ஏன்? மாத்திரை ஒருநாளும் விடவில்லை. டாக்டர் முதலில் நிறுத்தச் சொன்னது கருவாட்டை. தவக்காலம் — வீட்டில் மீனே கிடையாது. அப்புறம் எங்கேயிருந்து—

மார்ச் 24
உப்பு தட்டிலேயே இருந்தது. நாரத்தங்காய் ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம். மீன் இல்லாமல் எங்களுக்குச் சோறு இறங்காது. நாற்பது நாளும் ஊறுகாயை வைத்துத்தான் ஓட்டுவோம். கருவாட்டை விட்டேன், உப்பை விடவில்லை.

அம்மாவிடம் கத்தினேன். "ஏலே, நானா ஊட்டுனேன்? மூணு துண்டு நீயாத்தான எடுத்த?"
உண்மைதான். கத்தின கையோடு பார்த்தேன். 168. வேணும் எனக்கு.

மார்ச் 25
ஊறுகாய் ஜாடி பரணுக்குப் போய்விட்டது. ரசத்தில் பாதி உப்பு, மேலே எலுமிச்சை. அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டே அதையே சாப்பிட்டாள். "இந்த வருசம்தாம்லே உண்மையான தவக்காலம்" என்றாள்.

ஏப்ரல் 8
136/88.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு
சீலா மீன் குழம்பு. கருவாடு கேட்கவில்லை. 130/84.

ஏப்ரல் 22
மறுசோதனையில் 132/84. அந்த ஒரு எண்ணை நம்பாமல், என் நோட்டின் ஏழு வாரத்தையும் புரட்டிய பிறகே ஏறலாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். மாத்திரையை நானாக நிறுத்தக் கூடாது என்றார்கள். நிறுத்த மாட்டேன்.

மே 9
காற்று வந்துவிட்டது. மிஷினும் என் பையில் வேலைக்கு வருகிறது. என்னோடு ஏறும் கணேஷ்ராம் கோபுரத்தடியில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்தான்.
"எனக்கும் ஒருக்கா பாரும்வே. வெரசா. வேல கெடக்கு."
"உக்காரும். பேசாதேயும்."
"எம்புட்டு நேரம்?"
"அஞ்சு நிமிசம்."
பக்கத்துக் காற்றாலை சுற்றிக்கொண்டிருந்தது. நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.