பாட்டின் நடுவே ஒரு விக்கல்

ரெக்கார்டு ப்ளேயரின் யுஎஸ்பி வயரைத் துடைக்கலாம் என்று இன்று காலை எடுத்தேன். விரலில் பிசுபிசுவென்று கிரீஸ் ஒட்டியது. சோப்பு போட்டு இரண்டு முறை கழுவியும் வாசனை போகவில்லை. உப்பளத்து மோட்டார் கொட்டகையிலிருந்து நீங்கள் வீடு திரும்பும்போது சட்டையில் வரும் அதே வாசனை. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது.

உங்களுக்குத்தான் அப்படி ஒரு பழக்கம். உப்புத் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களோடு முப்பது வருடம் மாரடித்தவர். மரக்காணத்துக் காற்றில் எந்த இரும்பும் ஒரு மழைக்காலம் தாங்காது என்று, கண்ணில் படும் முனைக்கெல்லாம் கிரீஸ் தடவி வைப்பீர்கள். பைக் பேட்டரி, கேட் தாழ்ப்பாள், என் தையல் மிஷின், ஒன்றையும் விடவில்லை. மிக்ஸி ப்ளக்கில் தடவி வைத்துவிட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட நாள் நினைவிருக்கிறதா? "தடவி வெச்சா பத்து வருஷம் வரும்டி" என்றீர்கள். அன்று சட்னி அரைக்கும்போது ப்ளக் புகைந்தது.

வேலையை விட்டு நின்ற பிறகு உங்களுக்கு வந்த பைத்தியம் இசைத்தட்டு. யாரோ ஒரு மைக் செட் கடைக்காரர் மூட்டை கட்டிப் போட்டிருந்ததையெல்லாம் வாங்கி வந்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றியே தீருவேன் என்று உட்கார்ந்தீர்கள். ஸ்பீக்கரோடு சேர்ந்த ஒரு ப்ளேயர், நம் மகள் காலேஜ் படித்தபோது வாங்கிய லேப்டாப். அந்த லேப்டாப் ஆன் ஆவதற்குள் நான் உலை வைத்து அரிசியும் போட்டுவிடுவேன்.

ஏற்றிய பாட்டில் நடுநடுவே துண்டு விழுந்தது. பாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சொல் காணாமல் போகும். அதற்கு நீங்கள் விக்கல் என்று பெயர் வைத்தீர்கள். வைஃபையை அணைத்துப் பார்த்தீர்கள். வைரஸ் பார்க்கும் ப்ரோக்ராமை நிறுத்தினீர்கள். வயரை இந்த ஓட்டையிலிருந்து பிடுங்கி அந்த ஓட்டையில் சொருகினீர்கள். "தட்டுல கீறல் இருந்தா சுத்துக்கு ஒரு தடவ டிக்குனு கேக்கும். விக்கல் அப்படி இல்ல, அது எப்ப வேணா வரும்" என்று அடுப்படிக்கு வந்து எனக்குப் பாடம் எடுத்தீர்கள். எனக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்று நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். சில தட்டுகள் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் பதிந்தன. அது ஏன் என்று கடைசிவரை உங்களுக்குத் தெரியவில்லை.

பிறகு அந்த நாள். பொம்மையார்பாளையத்தில் என் தங்கை மகளுக்கு வளைகாப்பு. கூப்பிட்டேன். "நீ போய்ட்டு வா. எனக்கு ரெண்டு ப்ளேட்டு பாக்கி இருக்குது" என்றீர்கள். மத்தியானம் கை நிறைய வளையலோடு பஸ்ஸில் வந்து இறங்கினேன். நீங்கள் நாற்காலியில் சாய்ந்திருந்தீர்கள். தூங்குகிறீர்கள் என்று நினைத்தேன்.

"உடனே போயிருக்கும்மா. கஷ்டப்பட்டிருக்க மாட்டாரு" என்றார் டாக்டர். எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு ஒரே கேள்விதான், இன்றுவரை யாரிடமும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்களா? வளைகாப்பில் நான் கதம்ப சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இங்கே காலி வீட்டில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தீர்களா?

இரண்டு மாதத்துக்கு முன்பு மகள், அப்பா ஏற்றிய பாட்டுகளை அனுப்பச் சொன்னாள். லேப்டாப்பைத் திறந்தால் உள்ளே கிர்க் கிர்க் என்று சத்தம். பயந்துபோய் பஜாரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ரேவதியிடம், ப்ளேயர், வயர் எல்லாவற்றோடும் தூக்கிக்கொண்டு போனேன். காதை வைத்துக் கேட்டவள் முகம் மாறியது.

"ஹார்ட் டிஸ்க் போவப் போவுதும்மா. மொதல்ல எல்லாத்தையும் காப்பி எடுத்துடலாம், கேக்கறது அப்பறம் கேக்கலாம்" என்றாள்.

ஒவ்வொரு பாட்டாக ஏறும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தேன். காப்பி எடுத்து முடித்ததும் சரி பார்ப்பதற்காக ஒரு பாட்டை ஓடவிட்டாள். அந்தக் கிணற்றுப் பாட்டுகளில் ஒன்று. நடுவில் குக்கர் விசில் அடித்தது. பிறகு, பாட்டை அமுக்கிக்கொண்டு உங்கள் குரல்: "செல்வி, மோர் இருக்குதா?"

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். ரேவதியும் பாட்டை நிறுத்திவிட்டாள். வயர் முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இவ்ளோ கிரீஸ் யாரும்மா தடவுனது? அழுக்கு ஒட்டிக்கிட்டு கான்டாக்ட்டே இல்ல. ப்ளேயர் கெடைக்காதப்போ, இந்த ப்ரோக்ராம் லேப்டாப் மைக்ல இருந்து பதிவு பண்ணியிருக்குது. அதான் வீட்டு சத்தமெல்லாம் வருது."

பத்து வருடம் வரும் என்று நீங்கள் தடவிய கிரீஸ்தான், நீங்கள் மோர் கேட்டதையும் உங்கள் இருமலையும் காக்காயை விரட்டும் அதட்டலையும் பிடித்து வைத்திருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதற்குள் ரேவதி, "இந்தக் கடைசி ஃபைல் மட்டும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல போவுது. தட்டுல ஒரு பக்கம் இருவது நிமிஷம்தானே வரும்?" என்றாள். தேதியைக் காட்டினாள். வளைகாப்பு நாள். அதுவும் மைக்கில் பதிந்ததுதான்.

ப்ளேயரையும் லேப்டாப்பையும் கடையிலேயே விட்டுவிட்டு, காப்பி எடுத்த பென் டிரைவை மட்டும் வாங்கி வந்து அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன். மூன்று நாள் அந்த டப்பாவைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டில் அரிசி கடன் வாங்கிப் பொங்கினேன் என்றால் நம்புவீர்களா? கேட்கவில்லை என்றால் வாழ்நாள் முழுக்க அந்தக் கேள்வியோடு இருக்கலாம். கேட்டு, அதில் நீங்கள் கூப்பிட்டிருந்தால்? அதோடு எப்படி இருப்பது?

நான்காம் நாள் பென் டிரைவை எடுத்துக்கொண்டு ரேவதி கடைக்கே போனேன். வீட்டில் தனியாகக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ரேவதி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்த ஃபைலை ஓடவிட்டாள். பாட்டெல்லாம் முடிந்தது. தட்டு சும்மா சுற்ற, முள் டிக், டிக் என்றது. பாட்டு முடிந்தால் இரண்டாவது டிக்குக்குள் எழுந்துபோய் முள்ளைத் தூக்கிவிடுவீர்கள், முள் தேயும் என்று. அன்று எழவில்லை. ஐந்து, பத்து, ஐம்பது என்று டிக் போய்க்கொண்டே இருந்தது.

"விக்கல் இருக்குதா பாரு" என்றேன் ரேவதியிடம். "கீறல் சத்தம் சுத்துக்கு ஒண்ணுதான் வரும். நடுவுல எங்கனா இடைவெளி கம்மியா இருந்தா, அங்க சத்தம் காணாமப் போயிருக்குதுன்னு அர்த்தம்." அடுப்படியில் காதில் வாங்காததுபோல் வாங்கியது, எப்படியோ வாயில் வந்தது. ரேவதி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, திரையில் பெரிதாக்கிக் காட்டினாள். டிக் டிக்காக நின்ற கோடுகள் உப்புப் பாத்தி வரப்புபோல ஒரே அளவில் இருந்தன. இரண்டு மணி நேரமும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தோம். ஓரிடத்திலும் பிசகவில்லை. அவ்வளவு நேரத்திலும் உங்கள் குரல் இல்லை. கடைசியில் செருப்புச் சத்தமும் வளையல் சத்தமும் வந்தன. "ஏங்க, ப்ளேட்டு சும்மா சுத்துது பாருங்க" என்று ஒரு பொம்பளை சிடுசிடுக்கிறாள். அது நான்தான். அதற்கு மேல் ஓடவிட வேண்டாம் என்று ரேவதியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்படியானால் பாட்டு ஓடும்போதே நடந்திருக்கிறது. திரும்பவும் முதலிலிருந்து கேட்டோம். முதல் பாட்டுக்கும் இரண்டாம் பாட்டுக்கும் கூடவே முனகிக்கொண்டிருக்கிறீர்கள், வழக்கம்போல் சுருதி இல்லாமல். மூன்றாவது பாட்டில் இரண்டாம் சரணத்தின் நடுவில் உங்கள் முனகல் நின்றது. நாற்காலி அசைந்த சத்தம் இல்லை. வலியில் அரற்றலோ கத்தலோ இல்லை. டாக்டர் சொன்னது உண்மைதானோ என்று நெஞ்சு கொஞ்சம் தளர்ந்தது.

ஆனால் அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம். உங்கள் முனகல் நின்ற அதே இடத்தில் பாட்டு ஒரு சொல்லைத் தாண்டிக் குதித்தது. விக்கல்.

"என்னம்மா?" என்றாள் ரேவதி. வீட்டுக்கு ஓடிப்போய் அந்தத் தட்டை எடுத்து வந்து, வரிசையாக இரண்டையும் ஓடவிட்டுப் பார்த்தோம். சரியாக ஒரு சொல் இல்லை. ஒரு நொடிகூட இருக்காது. 'செல்வி' என்று சொல்ல அந்த நேரம் போதும். இரண்டு முறை வாயால் சொல்லிப் பார்த்துவிட்டேன், போதும்.

ரேவதி பாவம், என் முகத்தைப் பார்க்கமுடியாமல் திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அந்த ஒரு வார்த்தைய இந்த ப்ளேட்டுல இருந்து எடுத்து ஒட்டிடட்டுமா? கேட்டா தெரியவே தெரியாதும்மா."

"வேணாம்மா. அது அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

மகளுக்கு மற்ற பாட்டுகளை அனுப்பிவிட்டேன். இது என்னிடம் மட்டும், மூன்று இடத்தில் காப்பி எடுத்து வைத்திருக்கிறேன். அடிக்கடி கேட்பதில்லை. பயம் இன்னும் போகவில்லை, இனி போகும் என்றும் தோன்றவில்லை. கேட்கும் நாட்களில், மூன்றாவது பாட்டு இரண்டாம் சரணத்துக்கு வரும்போது கைவேலையை நிறுத்திவிடுகிறேன். உங்கள் முனகல் நின்று, பாட்டு அந்தச் சொல்லைத் தாண்டியதும், "என்னங்க?" என்கிறேன்.