குழிவாயில் ஒரு ஜோடி செருப்பு

இன்று காலை கிள்ளான் கரையில் அந்த நாற்றம் இல்லை. அழுகிய முட்டையும் உப்புச் சேறும் கலந்த நாற்றம். கடலோரக் கழிவுநீர்க் குழாயை இன்றோடு அடைக்கிறோம். அலை அரித்து, விரிசல் கண்டு, தன் காலம் முடிந்த குழாய். கழிவுநீரை நேற்றே ஊருக்குள் போகும் புதிய குழாய்க்குத் திருப்பிவிட்டோம். நாற்றம் நின்றது அதனால்தான். தெரியும். இருந்தும் உன் பேச்சுதான் நினைவுக்கு வந்தது.

"நாத்தம் அடிக்கிற வரைக்கும் பயமில்ல மச்சான். திடீர்னு நின்னுச்சுன்னா ஓடு," என்பாய். விஷவாயு மிகுந்தால் முதலில் மூக்குதான் செத்துப்போகும் என்று நான் பல்கலைக்கழகத்தில் படித்தேன். நீ இறங்கித் தெரிந்துகொண்டாய்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரே அடுக்குமாடியில் வளர்ந்தோம். நான் பொறியாளன் ஆனேன். நீ குழியில் இறங்குகிறவர்களை வேலை வாங்கும் மண்டோர்.

பூட்ஸ் மாட்டுகிறவர்கள் செருப்பைக் குழிவாயில் விட்டுவிட்டு இறங்குவார்கள். எத்தனை ஜோடியோ அத்தனை பேர் உள்ளே. பதிவேடும் இருந்தது. நீ செருப்பைத்தான் நம்பினாய். கடைசி ஜோடியை அதன் ஆள் வந்து மாட்டும்வரை மூடியைத் தொடவிட மாட்டாய்.

அன்று இதே குழியிலிருந்து எல்லோரும் ஏறிவிட்டார்கள். ஒரு ஜோடி மிச்சம். நீல வார்.

என்னுடையது.

நான் உள்ளே இல்லை. அளவெடுத்துவிட்டு முன்னதாகவே ஏறி, பூட்ஸோடு தேநீர்க் கடைக்குத் தே வாங்கப் போயிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நீ குழிக்குள் குனிந்து என் பெயரைக் கூப்பிட்டாயாம். இரண்டு முறை. பிறகு முகமூடி மாட்டாமல் இறங்கினாயாம்.

நீ ஏறி வரவே இல்லை. நான் திரும்பி வந்தபோது என் கையில் தே பொட்டலங்கள். உனக்குச் சீனி குறைவாக.

இன்று குழாயை அடைக்க மூவர் இறங்கினார்கள். முகமூடி, கயிறு, வாயுமானி எல்லாம் சரி. அனுமதிக் காகிதத்தில் கையெழுத்து என்னுடையது. இருவர் ஏறிவிட்டார்கள். ஒரு ஜோடி மிச்சம். குமார் அண்ணனுடையது.

"அண்ணே!"

மறுபடியும் கூப்பிட்டேன். என் கால் ஏணியின் முதல் படியில் இருந்தது. எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை. உனக்கும் இப்படித்தான் இருந்ததா? காலை எடுத்தேன். அந்த ஒன்றைச் செய்வதுதான் கடினமாக இருந்தது. கயிற்றை இரண்டு தரம் இழுத்தேன். காத்திருந்தேன். கீழேயிருந்து இரண்டு தரம் இழுபட்டது.

சேறு வழிய ஏறி வந்தவர் முகமூடியைக் கழற்றினார். "என்ன பாஸ், பேயப் பாத்த மாதிரி நிக்கிறீங்க? சிமெண்ட் பூசி முடிக்க வேணாமா லா?" செருப்பை மாட்டிக்கொண்டே என் கையைப் பார்த்தார். "அது எதுக்கு எப்பவும் கைலயே? கோயிலுக்கா போறீங்க?"

சிரித்துவைத்தேன். அவர் நம் குழுவுக்குப் புதியவர். அவருக்குத் தெரியாது.

மூடியின் மேல் கான்கிரீட் ஊற்றியாகிவிட்டது. நீ இறங்கிய வழி இனி இல்லை. நாளை ஊருக்குள் புதிய குழியில் வேலை. இதைவிட ஆழம்.

அந்த நீல வார்ச் செருப்பு என் கையில்தான் இருக்கிறது. தே வாங்கப் போகும்போதும் எடுத்துக்கொண்டுதான் போகிறேன். எந்தக் குழிவாயிலும் விட்டுவைப்பதில்லை. நீ இன்னொரு முறை என்னைத் தேடி இறங்கிவிடக் கூடாது.