உப்புக் கரிக்காத தண்ணி

என்னங்க,

முட்டை வேகவச்சு மூடியிருக்கேன், சாப்பிடுங்க. பத்து மணிக்கு நம்ம பழைய மோட்டார் படகை விலை பேச ஆள் வருவார். விக்கலைன்னு சொல்லி அனுப்பிடுங்க.

விடிஞ்சதும் போய், படகுக்குள்ள தேங்கியிருந்த தண்ணியைத் தொட்டு நாக்குல வச்சேன். உப்பே இல்ல! கடல் தண்ணி சொட்டுகூட உள்ள வரல. நாலு நாள் படகுக்கு அடியில மல்லாந்து படுத்து நீங்க அடைச்சது கல்லு மாதிரி நிக்குது. ஒழுகறது, நான் அடம்பிடிச்சு வைக்கச் சொன்ன குடிதண்ணி டேங்க். அதுல டியூபை ஒழுங்கா இறுக்காம மாட்டினதும் நான்தான்.

நேத்து உங்க கைவேலையைப் பத்திக் கத்தினதெல்லாம் வாபஸ்.

படகுலதான் இருக்கேன். அவரை அனுப்பிட்டு ஸ்பானரோட வாங்க.

இடமில்ல, ஓரத்துல எழுதறேன்: சிரிச்சுக்கிட்டே வராதீங்க. சரி, தெருமுனை வரைக்கும் சிரிச்சுக்கோங்க.