சாரங்காவுக்கு இன்னும் போடாத ஊசி

ஸ்கந்தபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் நிருஷனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகள் யதுர்ஷிகாவும் என் பேரனும் கனடாக் குளிருக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க அம்மாளாச்சி காவல் நிற்கட்டும். நாங்களும் சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் எங்கள் சுகத்தில் ஒரு குறை இருக்கிறது, அது உன்னால் வந்த குறை. வட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாமே என்று கேட்பாய். நான் பேசி அனுப்புவதை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று மருமகள் ஒருநாள் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்கும் விளங்க வேண்டும் என்று ஆறுதலாகப் பேசியே ஆசிரியத் தொழிலை முடித்தவள் நான். எழுத்தை அப்படி ஓடவிட முடியாது. எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன், பெரிதாக்கி வைத்து வாசி.

அப்பாவுக்குச் சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறது, வாய்தான் இல்லை. இனிப்பே தொடுவதில்லை என்று டொக்டரிடம் சொல்லிவிட்டு வருகிற வழியில் இரண்டு வாய்ப்பன் வாங்கித் தின்றிருக்கிறார், சட்டைப்பையில் எண்ணெய்க் கடதாசி இருந்தது. வயல் குடலைப் பருவத்தில் நிற்கிறது, இந்த முறை மழை ஏமாற்றவில்லை. சிவப்புப் பசு நாம்பன் கன்று போட்டிருக்கிறது. இவ்வளவும் நல்ல செய்தி. இனிச் சொல்வது உன் செய்தி.

உன் தங்கச்சி பிரியந்தினியின் மகள் சாரங்காவுக்கு நாலு வயதாகிறது, இன்றுவரை சின்னமுத்து ஊசி, அதுதான் நீங்கள் மீசில்ஸ் என்கிறீர்களே, அது ஒன்றுகூடப் போடவில்லை. ஒன்பதாம் மாதத்தில் போட வேண்டியது கொரோனாப் பயணத்தடைக்குள் தவறியது, அதற்கு நான் யாரையும் குறை சொல்லமாட்டேன், வீட்டு வாசலைத் தாண்டவே எல்லாருக்கும் பயமாக இருந்த காலம். பிறகு பெட்ரோல் வரிசைக் காலம், மருமகன் அனோஜனின் மோட்டார் சைக்கிள் மாமரத்தடியில் சும்மா கிடந்தது, அதையும் விடுவோம். பிறகு பெட்ரோலும் வந்தது, கிளினிக்கும் ஒழுங்காக நடந்தது, கூடவே உன் வீடியோக்களும் வரத் தொடங்கின. கோட்டுப் போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் புத்தக அலுமாரிக்கு முன்னால் நின்று ஊசிக்கு எதிராக என்னவோ சொல்கிறான், அதற்குப் பிறகு நீ தமிழில் விளக்கம் கொடுக்கிறாய். தங்கச்சி, அவசரப்படாத, இங்க ஆக்கள் எல்லாம் ஆராய்ஞ்சு பாத்திட்டினம், பிள்ளையின்ர உடம்பு தன்னைத் தானே பாத்துக்கொள்ளும் என்கிறாய். ராசா, ஓ.எல். பரீட்சையில் விஞ்ஞானத்தில் நீ தட்டுத்தடுமாறிச் சித்தியடைய நான் எத்தனை தேங்காய் அடித்தேன் என்பது எனக்கும் பிள்ளையாருக்கும்தான் தெரியும். கொரோனா எத்தனையோ பேரைக் கொண்டுபோனது, விட்டுவைத்தவர்களை எல்லாம் டொக்டர் ஆக்கிவிட்டுப் போயிருக்கிறது. பெரியவர்களுக்குக் கொரோனா ஊசி வந்தபோது, அம்மா, முதல் ஆளாய்ப் போய் நில்லுங்கோ என்று ஓயாமல் எடுத்துச் சொன்னவனும் நீதான். வரிசையில் தனக்கு முன்னால் ஒருத்தி புகுந்துவிட்டாள் என்று பள்ளிக்கூட மண்டபத்தில் சண்டை பிடித்தவள் உன் தங்கச்சி. அவள்தான் இப்போது, நாற்பது வருடமாகப் பிள்ளைகளுக்குப் போட்டுவருகிற ஊசியைப் பற்றி, அதுக்குள்ள என்ன கிடக்கோ ஆருக்குத் தெரியும் என்கிறாள்.

கிளினிக்கில் இருந்து குடும்பநல மிஸ் வீடு தேடி வந்து கேட்டார். பிள்ளைக்குத் தடிமன் மிஸ், அடுத்த முறை கட்டாயம் கொண்டுவாறன் என்றாள் பிரியந்தினி. அவள் சொல்லிக்கொண்டு நிற்கும்போதே சாரங்கா முற்றத்தில் சேவலைக் கலைத்துக்கொண்டு ஓடுகிறாள். அந்தத் தடிமன் வருடக்கணக்காக மாறாத தடிமன். எனக்கு மட்டும் வேறு பதில் வைத்திருக்கிறாள். சின்னமுத்து வந்தால் அம்மாள் வந்த மாதிரித்தானே அம்மா, படலையில வேப்பிலை கட்டி, மீன் மச்சம் காய்ச்சாமல் இருந்து, தண்ணி வாத்தால் மாறிப்போகும் என்கிறாள். நான் அம்மாளைக் கும்பிடாத நாள் இல்லை. ஆனால் படலையில் கட்டிய வேப்பிலை, இந்த வீட்டில் வருத்தம் இருக்கிறது என்று வீதியால் போகிறவனுக்குச் சொல்லும், அவ்வளவுதான். உள்ளே கிடக்கிற பிள்ளையின் நெஞ்சுக்குள் அது எட்டிப் பார்க்காது.

போன கிழமை அடுத்த ஊர் முன்பள்ளியில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலோடு உடம்பெல்லாம் சிவப்பாய்ப் பொரிந்து, ஆஸ்பத்திரியில் சின்னமுத்து என்று சொல்லிவிட்டார்கள். மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டு இன்னும் வார்ட்டில்தான் கிடக்கிறது. வருகிற புதன்கிழமை எங்கள் முன்பள்ளிக்கே வந்து, தவறவிட்ட பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி போடப்போகிறார்களாம். முன்பள்ளி ரீச்சர் விமலேஸ்வரி படலையடியில் வந்து நின்று சொல்லிவிட்டுப் போனாள். பிரியந்தினி அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள், பதில் கொடுக்கவில்லை. சரி, தகப்பனிடம் போவோம் என்று அனோஜனைப் பிடித்தேன். கமக்காரனுக்கு வயலை வைத்துச் சொன்னால் விளங்கும் என்று, தம்பி, எங்கட வயல்வெளியில ஆளாளுக்குப் பங்கு வேலி அடைக்கிறம், ஒருத்தன் தன்ர பங்கை அடைக்காமல் விட்டால் மாடு அவன்ர பயிரை மட்டுமோ தேடி மேயும் என்று கேட்டேன். பக்கத்து வளவில் கைக்குழந்தை ஒன்று இருக்கிறது, அதற்கு ஊசி போடுகிற வயது இன்னும் வரவில்லை, அதற்கு எங்கள் பிள்ளைதானே வேலி என்றேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான், எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. கடைசியில், வேலி எண்டால் நாளைக்கே அடைக்கிறன் மாமி, ஊசி விசயத்தை மச்சான் சொல்லட்டும், அவர் வெளிநாட்டில இருக்கிறவர் என்றான்.

வெளிநாட்டில் இருக்கிறவர்! நீ அங்கே லொறி ஓட்டுகிறாய், மரியாதையான தொழில், எனக்குப் பெருமைதான். ஆனால் விமானத்தில் ஏறியவுடன் வைத்தியப் படிப்பும் கூடவே ஏறிவிடும் என்று நம்புகிற சனத்துக்கு நடுவில் நான் இருக்கிறேன். இங்கே முழங்கால் நொந்தால் லண்டனுக்குப் போன் எடுக்கிறார்கள், பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் சுவிசுக்கு எடுக்கிறார்கள், பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரி கடைசியில்தான் ஞாபகம் வருகிறது. நீ இந்த ஊரில் இருந்திருந்தால், நீ சொல்வதை உன் தங்கச்சி ஒரு காதால்கூடக் கேட்டிருக்கமாட்டாள்.

இனித்தான் முக்கியமானது. வெள்ளிக்கிழமை மருமகளோடு வீடியோவில் கதைத்தபோது பேரன் ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான் என்று கேட்டேன். ஊசி போட்டது மாமி, கை நோகுதாம், பிறந்ததில இருந்து எல்லாம் ஒழுங்காய்ப் போட்டு வாறம், இல்லாட்டிப் பள்ளிக்கூடத்தில கேள்வி வரும் என்றாள் அந்தப் பிள்ளை, ஒரு கள்ளமும் இல்லாமல். உடனே பின்னால் இருந்து, இப்ப அந்தக் கதை என்னத்துக்கு என்று ஒரு குரல் வந்தது. இருபது வருடம் ஒரே வீட்டில் கேட்ட குரல் எனக்குத் தெரியாதா? உன் பிள்ளைக்கு ஊசி, தங்கச்சியின் பிள்ளைக்கு வீடியோ! பள்ளிக்கூடம் கேட்டால் கையை நீட்டவைப்பாய், தங்கச்சி கேட்டால் ஆராய்ச்சி சொல்வாய். இதைப் பிரியந்தினியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. அண்ணி வேற ஏதோ விற்றமின் ஊசியைச் சொல்லியிருப்பா, அண்ணா எனக்கு ஒண்டு சொல்லித் தான் ஒண்டு செய்யிற ஆள் இல்லை என்று என்னோடு கோபித்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். எனக்கு அந்த இடத்தில் உன்மேல் வந்த கோபம் பாதி, அவள்மேல் வந்த இரக்கம் பாதி.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானே போகலாம். ஆனால் தாய்க்குத் தெரியாமல் களவாகப் போட்டால் அடுத்த ஊசிக்கு அவள் படலையைப் பூட்டுவாள். சண்டைக் காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து இங்கே வந்திருந்தபோது, போலியோ சொட்டுமருந்து கொடுக்கிற நாளுக்காக இரண்டு பக்கமும் வெடியை நிறுத்தினார்கள். ஆளை ஆள் கொல்ல நின்றவர்களுக்கே அது விளங்கியது. பிரியந்தினியை இடுப்பில் வைத்துக்கொண்டு உன்னைக் கையில் பிடித்து ஓலைக்கொட்டிலுக்குக் கூட்டிப்போனேன். நீ மருந்தைத் துப்பினாய், வாயைப் பிடித்துத் திரும்பவும் விடவைத்தேன். நல்லதைத் துப்புகிற பழக்கம் உனக்கு அன்றைக்கே இருந்திருக்கிறது. இன்றைக்கு ஷெல் இல்லை, ஊசி முன்பள்ளி வாசலுக்கே வருகிறது, அதற்கும் கனடாவில் இருந்து உத்தரவு வரவேண்டுமாம்.

ஆனபடியால் மகன், செவ்வாய்க்கிழமைக்கு முன்னர் தங்கச்சிக்கு எடு. அந்த வெள்ளைக்காரனை மறுத்துப் பேசு என்று நான் கேட்கவில்லை, அது உனக்கு வெட்கமாக இருக்கும். என்ர பிள்ளைக்கு நான் எல்லா ஊசியும் போட்டனான், நீயும் போடு என்று ஒரு வசனம் சொல்லு. அவள் அழுவாள், ஏன் எனக்கு அப்பிடிச் சொன்னனீங்கள் என்று கேட்பாள். கேட்கட்டும், நீ அதற்கும் பதில் சொல்லத்தான் வேண்டும். நீ கெட்டவன் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. தங்கச்சிக்கு முன்னால் பெரிய ஆளாக நிற்க ஆசைப்பட்டாய், அவ்வளவுதான். அந்த ஆசைக்குப் பணயமாகப் பிள்ளையை வைக்காதே.

மருமகளை இதற்காக ஏசாதே, அவள் உண்மையைத்தான் சொன்னாள். லொறியை அவதானமாக ஓட்டு, நேரத்துக்குச் சாப்பிடு. மூன்று பேரும் நீண்ட ஆயுளோடும் நல்ல புத்தியோடும் இருக்க என் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஊசிக்குப் பிறகு சாரங்காவுக்குக் காய்ச்சல் வந்தால் பிரியந்தினி பயந்து முதலில் உன்னைத்தான் கூப்பிடுவாள். உன் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது நீ என்ன செய்தாய், யாரைக் கேட்டாய் என்பதை ஒன்றும் மறைக்காமல் அவளுக்குச் சொல்லு. போன் அடித்தால் எடு.

உன்மேல் கோபமும் பாசமும் குறையாத
அம்மா,
பத்மாசனி இளையதம்பி.