மலையேறிய ஆயில்

செப்டம்பர் 20, ஞாயிறு

இடஒதுக்கீடு கேட்டு நடக்கும் சாலை மறியலால் நான்கு நாளாக பஸ் இல்லை. சந்தைக்கு வந்த வெள்ளிமலைக்காரர்கள் ஒன்பது பேர் ஊர் திரும்ப முடியாமல் என் ஆயில் கடை வாசலிலேயே கிடந்தார்கள். மலைப் பாதையில் மறியல் இல்லை. ஜீப் வைத்திருக்கும் கோவிந்தன்தான் தயங்கினான். துபாயிலிருந்து என் மச்சான் கொண்டுவந்த சிந்தெடிக் என்னும் செயற்கை ஆயிலைக் கோவிந்தன் எஞ்சினில் ஊற்றி இரண்டு மாதமாகிறது. மாற்றலாமென்றால், லாரி வராததால் கடையில் ஒரு டப்பாகூட இல்லை.

"மலையேறி ஏறி ஆயில் தண்ணியா நீத்துப் பூட்டிருந்தா எஞ்சின் போச்சு பாய். எனக்கு இருக்கறது இந்த ஒரு வண்டிதான்" என்றான்.

மச்சானின் டின்னில் கொஞ்சம் புது ஆயில் மிச்சமிருந்தது. அதையும் ஜீப்பிலிருந்து பிடித்த ஆயிலையும் ஒரே வெந்நீர்ச் சட்டியில் வைத்துச் சம சூடாக்கினேன். ஒரே புனலில் ஒரே அளவு ஊற்றினேன். புதியது இறங்க நாற்பத்திரண்டு நொடி ஆனது. ஜீப்பில் ஓடியதற்கு நாற்பது; நீர்க்கவே இல்லை. சாதா ஆயிலாக இருந்தால் இந்நேரம் தண்ணீராக இறங்கியிருக்கும். கோவிந்தன் நம்பாமல் என் கைக்கடிகாரத்தை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தான். இன்னொரு முறை ஊற்றச் சொன்னான். மறுபடியும் நாற்பதுதான்.

"இன்னா பாத்துக்கினு நிக்கறீங்க, ஏறுங்க" என்றான் வாசலில் கிடந்தவர்களிடம்.

சாயங்காலம் சிரித்துக்கொண்டே திரும்பினான். "அல்லாரையும் வூட்டாண்ட வுட்டுட்டேன் பாய்." இறங்கும்போது ஒரு பெரியவர் மாட்டைத் தடவுவதுபோல ஜீப்பின் முகப்பைத் தடவிக் கொடுத்தாராம். அதையே மூன்று முறை சொன்னான்.

பஸ் ஸ்டாண்டில் இன்னும் ஆறு பேர் காத்திருக்கிறார்களாம். காலையில் மறுபடி போகிறான்.